குறி தப்பவில்லை, ஆள்தான் தப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு குலைந்த நாடுகளில் பதுங்கியிருக்கும் பயங்கரவாதிகளை ஒழிக்க ட்ரோனே போதும், ஒரு சிப்பாயைக்கூட இழக்காமல் வேலை முடிந்துவிடும் என்று தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்று வாதிட்டிருந்தது. அதை மறுத்து வந்த கடிதங்கள் பலவும், அந்நிய ராணுவம் எந்த நாட்டிலும் எக்காரணம் கொண்டும் கால் வைக்கக் கூடாது என்றன. பெங்களூரில் விமான மின்னணுவியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கட்டுரையாளர் ‘துல்லியம்’ என்ற சொல்லைப் பத்து இடங்களிலாவது பயன்படுத்தியிருக்கிறார். மறுத்தவர்கள் அந்தச் சொல்லே பொய் என்கிறார்கள். அது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைப் பிரித்துச் சொல்லாமல் இந்த விவாதம் நகராது.

முதலில் இயந்திரம். அமெரிக்கா அதிகம் பயன்படுத்திவரும் எம்க்யூ-9 ரீப்பர் ட்ரோனின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி 20 மீட்டர். நம் ஊர் மாநகரப் பேருந்தைவிட நீளம். முழுச் சுமையோடு எடை 4,760 கிலோ வரை போகும். இருபது மணி நேரத்துக்கு மேல் ஒரே ஊரின் மீது வட்டமடிக்கும். அது சுமக்கும் ஹெல்ஃபயர் ஏவுகணை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 முதல் 49 கிலோ. அதன் வெடிமுனை எட்டு ஒன்பது கிலோதான். போர் விமானம் போடும் 225 கிலோ குண்டோடு ஒப்பிட்டால் இது சிறியது என்பதில் ஐயமில்லை.

ஏவும் முறை தெரிந்தால் தவறு எங்கே நுழைகிறது என்பது புரியும். விமானத்தை எழுப்புவதையும் இறக்குவதையும் ஓடுதளத்துக்கு அருகிலிருக்கும் ஒரு குழு செய்யும். மேலே ஏறியதும் கட்டுப்பாடு கைமாறும். நெவாடா மாநிலத்தின் கிரீச் விமானப்படைத் தளம் போன்ற ஓரிடத்தில் விமானி ஒருவரும் கேமராவை இயக்குபவர் ஒருவரும் அருகருகே அமர்ந்திருப்பார்கள். அவர்களுடைய கட்டளை கடலடிக் கண்ணாடி இழை வழியாக ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்குப் போய், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி, பிறகு விமானத்துக்கு இறங்கும். படமும் அதே வழியில் திரும்பி வரும். இதற்கு ஒன்று முதல் இரண்டு விநாடி ஆகிறது. ஓடுதளத்தில் இறக்குவதை நெடுங்காலம் உள்ளூர்க் குழுவிடமே விட்டுவைத்ததற்குக் காரணம் இந்தத் தாமதம்தான்.

ஏவுகணை புறப்பட்ட பிறகு, அது போய்ச் சேரும்வரை லேசர் புள்ளியை இலக்கின் மேலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 8 கிலோமீட்டரிலிருந்து ஏவினால் இது சுமார் 25 விநாடி. இடையில் யாராவது குறுக்கே வந்துவிட்டால், முன்கூட்டியே பார்த்துவைத்த வெற்றிடத்துக்கு லேசரை நகர்த்தி ஏவுகணையை அங்கே விழச் செய்யலாம். நல்ல குழுக்கள் ஏவுவதற்கு முன்பே அந்த வெற்றிடத்தைத் தேர்ந்துவைக்கும். ஆனால் கடைசிச் சில விநாடிகளில் அந்த வழியும் மூடிவிடும். திரையில் தெரியும் படம் ஏற்கெனவே பழையது; ஒலியைவிட வேகமாக வரும் ஏவுகணைக்குத் திரும்ப இடமில்லை. புழுதியோ மேகமோ குறுக்கே வந்தால் லேசர் ஒளி சிதறி, குறியே தொலைந்துபோகும்.

இவ்வளவும் சரியாக நடந்தால், ஹெல்ஃபயர் குறிவைத்த இடத்திலிருந்து சில அடிகளுக்குள் விழும். அதன் வெடிப்பும் சிதறலும் சுமார் 15 மீட்டர் ஆரத்துக்கு உயிரைப் பறிக்கும். பெங்களூரில் நாம் அறிந்த 30-க்கு 40 அடி மனையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவீட்டில் விழுந்தால் இரு பக்கத்து வீடுகளும் எதிர்வீட்டு வாசலும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். இதைக் குறைக்கத்தான் வெடிமருந்தே இல்லாமல் ஆறு கத்திகளை விரிக்கும் ஆர்9எக்ஸ் என்ற வகையை உருவாக்கினார்கள். இந்த அளவில் துல்லியம் என்ற சொல் உண்மையே. பொறியாளர்களாக அதை நாங்கள் மறுக்க மாட்டோம்.

ஆனால் புள்ளியை எந்த ஆள் மேல் வைப்பது என்பதை லேசர் சொல்லாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். ட்ரோன் தாக்குதலின் கோளாறு முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது.

கண்ணிலிருந்து தொடங்குவோம். 20,000 அடி உயரத்திலிருந்து ஆளைப் பார்க்கலாம், முகத்தைப் பார்க்க முடியாது. நடை, எண்ணிக்கை, வண்டியின் நிறம், இரவில் உடல் சூடு, இவை தெரியும். படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பார்வைப் பரப்பு சுருங்கும். ஸ்ட்ரா வழியாகத் தெருவைப் பார்ப்பது போல என்று அத்துறையினரே சொல்வார்கள். ஒரு காரைப் பின்தொடரும் கேமராவுக்கு, அந்தக் கார் நுழையப்போகும் முற்றத்தில் யார் விளையாடுகிறார்கள் என்பது தெரியாது.

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் நடந்தது இதுதான். மூன்று நாட்களுக்கு முன் விமான நிலைய வாசலில் நடந்த குண்டுவெடிப்பில் 13 அமெரிக்கப் படையினரும் ஏராளமான ஆப்கானியரும் இறந்திருந்தார்கள். அடுத்த தாக்குதல் ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவில் வரும் என்று உளவுத் தகவல். காபூலில் வெள்ளை கொரோலாவுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு காரை எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தார்கள். ஓட்டியவர் ஓர் உதவி நிறுவனத்தின் ஊழியர். அவர் காரில் ஏற்றிய தண்ணீர்க் கேன்கள் வெடிபொருளாகத் தெரிந்தன. கார் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்ததும் ஏவினார்கள். குறி தப்பவில்லை. இறந்தவர்கள் பத்துப் பேர், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். சரியான தாக்குதல் என்று முதலில் சொன்ன அமெரிக்க ராணுவத் தலைமை, செப்டம்பர் 17-ல் அது சோகமான தவறு என்று ஒப்புக்கொண்டது. ஏவுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே காட்சிப் பதிவில் ஒரு குழந்தை தெரிவதைப் பின்னர் நடந்த உள் ஆய்வு கண்டறிந்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை.

இன்னொன்று, 2010 பிப்ரவரி 21, ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணம். மூன்று வண்டிகளில் விடியற்காலையில் போய்க்கொண்டிருந்தவர்களை ஒரு பிரிடேட்டர் ட்ரோன் மணிக்கணக்கில் கவனித்தது. அதன் குழு சொன்னதை நம்பி ஹெலிகாப்டர்கள் சுட்டன. படத்தைத் தனியே ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் குழந்தைகள் இருப்பதாக முதலில் குறிப்பிட்டார்கள். பேச்சுவாக்கில் அது வளரிளம் வயதினர் என்று மாறியது, பிறகு போர் வயது ஆண்கள் என்று ஆனது. ஒரு சொல் மாறியதில் மனிதர்கள் இலக்காகிவிட்டார்கள். இறந்தவர்கள் 23 பேர், அவர்களில் மூன்று, நான்கு வயதுச் சிறுவர்கள் இருவர் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள். அமெரிக்கக் கணக்கு 15 அல்லது 16 பேர். யாரிடமும் வெடிகுண்டு இல்லை.

அடுத்தது காது. முகம் தெரியாதபோது கைப்பேசியின் இருப்பிடத்தை வைத்து ஆளைத் தேடுகிறார்கள். ட்ரோனின் வயிற்றில் கட்டிய கருவி சிம் அட்டை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகவே காட்டும். யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்டாது. ஒரே கைப்பேசியை வீடே பயன்படுத்தும் ஊர்கள் அவை. தேடப்படுபவர்கள் சிம்மை அடிக்கடி மாற்றுவார்கள், பிறரிடம் கொடுத்துவிடுவார்கள். யார் யாரோடு எப்போது பேசினார் என்ற தரவை வைத்துத்தான் ஆட்களைக் கொல்கிறோம் என்று அமெரிக்க உளவு அமைப்புகளின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹைடன் 2014-ல் பொதுமேடையிலேயே சொன்னார். பெயரே தெரியாமல், நடமாட்டத்தின் சாயலை மட்டும் வைத்து அடித்த தாக்குதல்களும் உண்டு.

மூன்றாவது, விசாரிப்பது. எங்கள் வாதம் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆளைப் பற்றி விசாரிக்க நம் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ், காவல் நிலையக் குறிப்பேடு, கிராம நிர்வாக அலுவலர், முகவரி தெரிந்த தபால்காரர். இவற்றில் தவறு வரலாம்; ஆனால் ஒன்றை ஒன்று வைத்துச் சரிபார்க்கலாம். அரசு குலைந்த நாடு என்றால் இவை ஒன்றும் இல்லாத நாடு என்றுதான் பொருள். அங்கே மிஞ்சுவது பணத்துக்கோ பகைக்கோ காட்டிக்கொடுப்பவர்தான். எதிர்க்குலத்தவனை அந்நியன் கையால் தீர்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி அவருக்குக் கிடையாது. ஆக, ட்ரோனை எங்கே அதிகம் பயன்படுத்தச் சொல்கிறோமோ அங்கேதான் ஆளை அடையாளம் காணும் வசதி மிகக் குறைவு. நடுப்பக்கக் கட்டுரை தொடாமல் விட்ட முடிச்சு இதுவே.

விசாரித்தால் நடக்கும் என்பதற்கும் காபூலே சாட்சி. தவறு நடந்து பதினோரு மாதம் கழித்து, 2022 ஜூலை 31 அன்று, அதே நகரில் அல்-காய்தா தலைவர் அய்மன் அல்-ஜவாஹிரி வீட்டு மாடத்தில் நின்றபோது இரண்டு ஹெல்ஃபயர்கள் அவரைக் கொன்றன. வேறு யாரும் இறக்கவில்லை என்று அமெரிக்கா அறிவித்தது. ஒரே நகரம், ஒரே குடும்பத்து ஏவுகணை. முதல் முறை எட்டு மணி நேரம் பார்த்தார்கள். இரண்டாவது முறை மாதக்கணக்கில் அந்த வீட்டையும் அங்கு வாழ்பவர்களின் நடமாட்டத்தையும் ஆராய்ந்து, வீட்டின் மாதிரியையே செய்துவைத்துத் திட்டமிட்டார்கள். ஒரே ஓர் ஆளுக்கு இவ்வளவு உழைப்பு. நூற்றுக்கணக்கான தாக்குதல்களுக்கு இந்த உழைப்பைப் போட எந்த நாட்டாலும் முடியாது. அதனால் ‘ட்ரோனே போதும்’ என்பதை ஒரு போர்முறையாகப் பரிந்துரைப்பவர்கள் முதல் வகைத் தாக்குதலைத்தான் பரிந்துரைக்கிறார்கள் என்பதை உணர வேண்டும்.

இதைவிடக் கொடிய விளைவு ஒன்று இருக்கிறது. அரசு குலைந்த இடத்தில் கடைசியாக மிஞ்சியிருக்கும் ஆட்சி, ஊர்ப் பெரியவர்களின் கூட்டம். வானிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும்? ஆண்கள், பலர், வண்டிகளில் வந்தவர்கள், சிலர் தோளில் துப்பாக்கி, வட்டமாக உட்கார்ந்து நெடுநேரம் பேசுகிறார்கள். 2011 மார்ச் 17 அன்று பாகிஸ்தானின் வடக்கு வஜீரிஸ்தானில் உள்ள தத்தா கேலில் இப்படி ஒரு ஜிர்கா கூடியது. ஒரு குரோமைட் சுரங்கம் யாருக்கு என்ற வழக்கைத் தீர்க்க, உள்ளூர் ராணுவ முகாமுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கூடினார்கள். ஏவுகணைகள் விழுந்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். பாகிஸ்தான் ராணுவத் தளபதியே வெளிப்படையாகக் கண்டித்தார்.

ட்ரோன் வருவதற்கு முன்பும் இதே தவறு நடந்திருக்கிறது. 1993 ஜூலை 12, மொகடிஷு. சோமாலியாவில் ஐ.நா. படைக்கும் ஆயுதக் குழுத் தலைவர் ஐதீதின் ஆட்களுக்கும் மோதல் முற்றியிருந்த நேரம். ஜூன் மாதம் 24 பாகிஸ்தானிய அமைதிப்படையினர் கொல்லப்பட்டிருந்தார்கள். குலப் பெரியவர்கள் கூடியிருந்த ஒரு வீட்டை அமெரிக்க கோப்ரா ஹெலிகாப்டர்கள் ஏவுகணைகளால் தகர்த்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்குப்படி 54 பேர் இறந்தார்கள். சமாதானம் பேசலாம் என்று நினைத்தவர்களும் அந்த வீட்டில் இருந்தார்கள். அதன் பிறகு பேச ஆளில்லை. அக்டோபர் 3, 4 தேதிகளில் நடந்த சண்டையில் 18 அமெரிக்கப் படையினர் இறந்ததும், அமெரிக்கா வெளியேறியதும், 1995-ல் ஐ.நா. படையே மூட்டை கட்டியதும் தொடர்ச்சி. நைஜீரியாவில் 2023 டிசம்பர் 3 அன்று துடுன் பிரி கிராமத்தில் மீலாது விழாவுக்குக் கூடியிருந்த மக்களை அந்நாட்டு ராணுவத்தின் ட்ரோனே தாக்கியது. 85 பேர் அளவில் இறந்தார்கள். கூட்டம் கொள்ளையரின் கூட்டமாகத் தெரிந்துவிட்டது. முப்பது ஆண்டு இடைவெளி, மூன்று நாடுகள், ஒரே பார்வைப் பிழை. கேமராவின் தெளிவைக் கூட்டினால் இது தீரும் என்று எங்கள் துறை இளைஞர்கள் நம்புகிறார்கள். தீராது. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் தலைவரா, வழக்காடியா, கொள்ளையரா என்பது பிம்பத்தில் இல்லை; அந்த ஊரின் மொழியில் இருக்கிறது.

எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கும் இதே காரணத்தால் குழம்புகிறது. போர்க்களமாக அறிவிக்கப்படாத பகுதிகளில் 2009 முதல் 2015 வரை 473 தாக்குதல்கள் நடந்தன, அவற்றில் போராளிகள் அல்லாதவர்கள் 64 முதல் 116 பேர் இறந்தார்கள் என்று 2016 ஜூலையில் அமெரிக்க அரசு வெளியிட்டது. அதே காலத்துக்கு லண்டனில் உள்ள புலனாய்வு இதழியல் நிறுவனம் ஒன்றின் கணக்கு 380 முதல் 801. தரையில் இறங்கிப் பார்க்காமல் மேலிருந்தே சேதத்தை மதிப்பிட்டால் இப்படித்தான் ஆகும். இடிபாட்டுக்குள் கிடப்பவரை கேமரா எண்ணாது. ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும் என்ற அமெரிக்க அதிபர் ஆணையின் பகுதியும் 2019 மார்ச்சில் ரத்தாகிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுப்புக் கடிதம் எழுதிய அன்பர்களோடும் நாங்கள் முழுதாக உடன்பட முடியவில்லை. தலையிடாமல் இருப்பதும் கொல்லும். 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் கொலைகள் நடந்துகொண்டிருந்தபோதே பாதுகாப்புக் கவுன்சில் அங்கிருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைத்தது. நூறு நாளில் எட்டு லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009-ல் வன்னியின் வானில் இஸ்ரேலியத் தயாரிப்பு வேவு விமானங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த மக்கள் அதை ‘வண்டு’ என்றார்கள். காஸாவில் ‘ஸனானா’ என்கிறார்கள், அதுவும் ரீங்காரத்தைக் குறிக்கும் சொல். வண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கீழே மருத்துவமனைகள் மீதும் போர் தவிர்ப்பு வலயத்தின் மீதும் எறிகணைகள் விழுந்தன. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் எழுதியது. ஆக, கண் இருந்தால் உயிர்கள் தப்பும் என்ற வாதமும் நிற்கவில்லை. உலகம் தள்ளி நின்றால் நல்லது என்ற வாதமும் நிற்கவில்லை.

தலையீட்டின் இரு முகங்களையும் நாம் அருகிலிருந்து பார்த்தவர்கள். 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்ட ஐந்து ஏஎன்-32 விமானங்கள் இந்தப் பெங்களூரிலிருந்துதான் கிளம்பின. மிராஜ் போர் விமானங்கள் துணைக்குப் போயின. சுமார் 25 டன், அந்த ஒரு பிற்பகலில். அதற்கு முந்தைய நாள் ராமேஸ்வரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த மாதமே ஒப்பந்தம், அமைதிப்படை. அக்டோபரில் அது சண்டைப் படையாக மாறியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். வளாகம் எப்படிக் காவல் காக்கப்படுகிறது என்ற தரைத் தகவல் இல்லாமலே இறக்கிவிட்டார்கள். அதே மாதம் யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் திரும்பியபோது இந்தியா இழந்தது 1,100-க்கும் மேற்பட்ட வீரர்களை. அந்த மக்கள் இழந்தது அதைவிடப் பல மடங்கு. கொடுத்த பணி ஒன்று, பிறகு சுமத்திய பணி வேறொன்று என்பதே அந்தத் தோல்வியின் வேர் என்று நாங்கள் கருதுகிறோம்.

லிபியாவில் நடந்ததும் பணி மாறிய கதைதான். 2011 மார்ச் 17 அன்று (தத்தா கேலில் ஏவுகணை விழுந்த அதே நாள்) பாதுகாப்புக் கவுன்சில் 1973-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கலாம், ஆனால் ஆக்கிரமிப்புப் படை கூடாது என்றது. பத்து நாடுகள் ஆதரவு. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி நடுநிலை. மக்களைக் காப்பது சில வாரங்களில் ஆட்சியைக் கவிழ்ப்பதாக மாறியது. அக்டோபர் 20 அன்று லிபியாவை ஆண்ட கடாபியின் வாகன வரிசையை முதலில் தடுத்தது ஒரு பிரிடேட்டரும் பிரெஞ்சு விமானங்களும். பதினொரு நாளில் நேட்டோ கடையைக் கட்டியது. ஆயுதக் கிடங்குகளுக்குக் காவல் யார் என்பதற்கு ஒரு வரித் திட்டமும் இல்லை. ஆயுதங்கள் சஹாராவைக் கடந்து மாலியில் 2012-ன் கலகத்துக்கு உரமாயின. டெர்னா நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகளின் பராமரிப்புப் பணி 2011-ல் நின்றது, மறுபடி தொடங்கவில்லை. 2023 செப்டம்பரில் புயல் மழையில் இரண்டும் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். குண்டுவீச்சின் சேதக் கணக்கில் அந்த அணைகள் எங்கும் வராது. வர வேண்டும்.

சரியாக நடந்த தலையீடு உண்டா என்றால், சியரா லியோனைச் சொல்லலாம். 2000 மே மாதம் பிரிட்டிஷ் படை முதலில் பிடித்தது விமான நிலையத்தையும் தலைநகரையும்தான். அதற்குள் திணறிக்கொண்டிருந்த ஐ.நா. படை பின்னர் 17,500 பேர் வரை பெருக்கப்பட்டது. கைலாஹுனில் முற்றுகையிடப்பட்டிருந்த 200-க்கும் மேற்பட்ட இந்திய கூர்க்கா வீரர்களை 2000 ஜூலையில் நம் ராணுவம் மீட்டது. 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். ஆயுதத்தை ஒப்படைத்தவனுக்கு அடுத்து என்ன தொழில் என்பதுவரை தரையில் ஆள் நின்று பார்த்தார்கள். சோமாலியாவிலிருந்து பிரிந்த சோமாலிலாந்து இன்னும் வியப்பு. தெற்கே மொகடிஷுவில் பல்லாயிரம் அந்நியப் படையினர் திணறிய அதே 1993-ல், வடக்கே போராமா ஊரில் சுமார் 150 குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி, குழுக்களின் ஆயுதத்தைக் களைந்து ஓர் அரசையே கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு சந்தேகத்துக்குரிய கூட்டம்தான்.

இப்போது நம் பங்கு. 2024 அக்டோபரில் இந்தியா 31 எம்க்யூ-9பி விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது: கடற்படைக்கு 15, ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் தலா 8. இந்த வகையில் இரண்டு, 2020 முதல் குத்தகைக்கு வந்து அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகி வங்கக் கடலில் இறக்கப்பட்டது. இங்கே பெங்களூரில் பாதுகாப்பு ஆய்வகமான ஏ.டி.இ. உருவாக்கிய தபஸ் ட்ரோன், 30,000 அடி, 24 மணி நேரம் என்ற தேவையை எட்டவில்லை; ஆனால் அந்த முயற்சி நிற்கப்போவதில்லை. ஓசூரிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் நம் பிள்ளைகள் இந்நகரின் ட்ரோன் நிறுவனங்களில் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். கருவி வருகிறது. எல்லைக்கு அப்பால் அதை எப்போது ஏவலாம் என்று நாடு அறிந்த விதிப்புத்தகம் எங்கே?

எங்கள் கோரிக்கைகள் இவை. ஆளைக் குறிவைக்கும் எந்தத் தாக்குதலுக்கும், கேமராவையும் கைப்பேசியையும் தவிர, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மனிதத் தகவல்கள் வேண்டும்; ஒன்று தரப்பட்டு மற்றது அதை ஒப்பித்தது என்ற நிலை கூடாது. அந்த வட்டார மொழியும் குல வழக்கும் தெரிந்த ஒருவர் ஏவும் குழுவோடு அமர்ந்து, வேண்டாம் என்று எழுத்தில் பதியும் உரிமை பெற வேண்டும். கூட்டம் கூடியிருக்கும் இடம் என்றால், அது என்ன கூட்டம் என்று தெரியாதவரை ஏவக் கூடாது. பார்ப்பவர் சொன்ன முதல் சொல்லைப் பிறகு வந்தவர் மாற்றினால், மாற்றியவர் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும். உருஸ்கானில் இது ஒன்று இருந்திருந்தாலே போதும். தாக்குதலுக்குப் பிறகு குறித்த நாட்களுக்குள் இறந்தோர் கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தவறானால் இழப்பீடு எவ்வளவு, யார் தருவது, குடும்பம் எங்கே மனுக் கொடுப்பது என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. பணம் இருந்தும் மனுக் கொடுக்கும் வாசல் பலருக்குத் தெரியவில்லை.

ரகசியம் கெட்டுவிடும் என்று இதற்குப் பதில் வரும். உளவாளியின் பெயரை யாரும் கேட்கவில்லை. விதியைத்தான் கேட்கிறோம். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காவல் துறைக்கே மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு நம் நாட்டில். ஏவுகணைக்கு மட்டும் ஏன் இல்லை?

முதல் விமானம் வருவதற்குள் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு இந்தக் கேள்விகளை அமைச்சகத்திடம் எழுப்ப வேண்டும். தமிழ்நாட்டு, கர்நாடக உறுப்பினர்களிடம் வாசகர்களும் இதைக் கடிதமாக அனுப்பலாம். குறிப்பாக ஒன்றைச் சேர்த்து எழுதக் கேட்டுக்கொள்கிறோம்: ஒவ்வொரு தாக்குதலின் முழுக் காட்சிப் பதிவும், குழுவின் உரையாடலும், ஏவியவர்களின் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் அன்றே முத்திரையிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும். காபூல் வீட்டு முற்றத்தின் பதிவு வெளியே வந்தது 2022 ஜனவரியில், அதுவும் ஒரு பத்திரிகை அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்த பிறகுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான மின்னணுப் பொறியாளர்கள் சிலர்,
ஜீவன்பீமா நகர், பெங்களூரு